கறுப்பாகத் தெரிவது சுத்தம் அல்ல: மார்பகத் திசு ஸ்கேனரின் பிழைகள், அறிகுறி வாரியாக

ஸ்கேன் முனை திசுமேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது, திரையில் ஏதோ சரியில்லை, எந்தத் திருகை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. அந்த நிலையில் நிற்பவருக்காக எழுதிய குறிப்பு இது. வடசென்னையில் எங்கள் பயிற்சி மேசைக்கு வரும் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களும் அறுவை தியேட்டர் தொழில்நுட்பர்களும் கேட்கும் கேள்விகளின் வரிசையிலேயே இருக்கிறது. பாடப்புத்தக வரிசையை இதில் தேட வேண்டாம்.

கருவி செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையில், வெட்டியெடுத்த துண்டின் விளிம்பில் புற்றுநோய் அணுக்கள் (செல்கள்) எஞ்சியிருக்கின்றனவா என்பதுதான் பெரிய கேள்வி. பாரஃபின் கட்டியாக்கிச் சீவிப் பார்க்கும் வழக்கமான பரிசோதனைக்கு நாள்கள் ஆகும். உறையவைத்துச் சீவும் ஃபுரோசன் செக்‌ஷன் வேகமானது. ஆனால் மார்பகத்தில் கொழுப்பு அதிகம். மற்றத் திசுக்கள் உறையும் குளிரில் கொழுப்பு சரியாக உறையாது, பிளேடில் நசுங்கிக் கிழிந்துவிடும். அதனால்தான், ஒரு மெல்லிய அடுக்கிலிருந்து வரும் ஒளியை மட்டும் படமாக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியை ஒளியிழைக் கற்றையின் முனைக்குக் கொண்டுவந்து, சாயமேற்றிய திசுவின் மேற்பரப்பை அங்கேயே செல் செல்லாகப் பார்க்கும் முறை வந்தது. முனை ஒரு நேரத்தில் பார்க்கும் வட்டம் மிகச் சிறியது என்பதால் அதை நகர்த்திக்கொண்டே போக ரோபோ, சின்னப் படங்களை ஒட்டிப் பெரிய ஒட்டுப்படமாக்க மென்பொருள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹாம்லின் மையத்தில் மார்பகத் திசுவுக்காகவே இத்தகைய ஸ்கேன் கருவிகள் உருவாக்கப்பட்டன. இன்றும் இவை பெரும்பாலும் ஆய்வுக் கருவிகளே. ஆகவே கீழே உள்ள எதுவும் மருத்துவரின் முடிவுக்கு மாற்று ஆகாது.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: லேசர் 488 நானோமீட்டர், அதாவது நீலம். கற்றையில் ஏறத்தாழ 30,000 இழைகள். நல்ல தெளிவு தரும் வகை முனை ஒரு சட்டகத்தில், அதாவது ஒரு தனிப் படத்தில், பார்ப்பது சுமார் 240 மைக்ரான் அகலம். நொடிக்கு 12 சட்டகங்கள். பார்க்கும் ஆழம் 60 மைக்ரான் அளவில். இந்த ஐந்து எண்களையும் மனத்தில் வைத்திருந்தால் பாதிப் பிழைகளுக்குக் கணக்குப் போட்டே காரணம் சொல்லிவிடலாம்.

எந்த அறிகுறியானாலும் கேட்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. வெளிச்சம் போகிறதா? முனை திசுவைத் தொடுகிறதா? நகர்வு சரியாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே மென்பொருளைத் தொடுங்கள். பையன்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். படம் மோசமானால் உடனே காண்ட்ராஸ்ட் பட்டையை இழுக்கிறார்கள். இரைச்சல்தான் வெளுத்துப் பெரிதாகும்.

திரை முழுவதும் கறுப்பு

சாவி, அவசர நிறுத்த பட்டன், கதவோடு இணைத்த பாதுகாப்புத் துண்டிப்பு, லேசரின் ஷட்டர், முனையின் இணைப்பி ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். முனைக்குள் கண்ணை வைத்து "வெளிச்சம் வருகிறதா" என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். வெள்ளைத் தாளில் முனையைக் காட்டினால் நீலப் புள்ளி தெரியும், அது போதும்.

அடுத்தது தாள் சோதனை. லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளில் மஞ்சள் ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் முனையை வைத்தால் தாளின் நார்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தால் லேசர், இழை, கேமரா மூன்றும் நலம். குறை சாயத்தில் அல்லது தொடுகையில். தெரியாவிட்டால் குறை கருவியில். இந்தச் சில்லு ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு டீ விலைகூட இல்லை, ஆனால் இதைவிட நல்ல சோதனைக் கருவி எங்கள் மேசையில் கிடையாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னும் பின்னும் இதைப் பாருங்கள்.

கறுப்பு இல்லை, வெளிறிய மூட்டம்

பெரும்பாலும் சாயம் கூடிப்போனதே காரணம். அக்ரிஃப்ளேவின் அணுக்கருவில் போய் ஒட்டி ஒளிரும் சாயம். கழுவாமல் விட்டால் திசுவின் மேலே தேங்கிய நீரிலும் அதே ஒளி எழும், அணுக்கரு அதில் மூழ்கிப்போகும். சலைனில் அலசி, காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேலடுக்கு உரிந்துவரும். நாம் பார்ப்பதே அந்த மேலடுக்கைத்தான்.

எதிர்த் திசைத் தவறும் நடக்கிறது. ஜன்னலோரம் வெயிலில் கிடந்த சாயப் புட்டி வலுவிழந்துபோயிருக்கும். பழுப்புப் புட்டியில், அலமாரிக்குள் வைக்க வேண்டிய பொருள் அது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய்வந்தவர்களுக்கு அக்ரிஃப்ளேவின் புதிதல்ல, மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தொட்டியில் விடும் மஞ்சள் மருந்து அதுதான். தாள் சில்லுக்கும், பயிற்சிக்கு எடுக்கும் ஆட்டு மடிக்கும் கடை மருந்து போதும். மனிதத் திசுவுக்கு ஆய்வகத் தரம் மட்டுமே, அதுவும் உங்கள் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட செறிவில். டிஎன்ஏவோடு ஒட்டும் சாயம் என்பதால் நோயாளியின் உடலுக்குள், வெட்டிய குழியில் இதைப் பூசுவது வேறு விவகாரம். அதைத் தொழில்நுட்பர் முடிவு செய்ய முடியாது. கையுறை இல்லாமல் தொட்டால் விரல் கல்யாண வீட்டுக்காரர் கைபோல் மஞ்சளாகிவிடும், நாலு நாள் போகாது.

மூட்டம் சாயத்தால் இல்லையென்றால் பனிப்படலத்தால் இருக்கலாம். இது நம் ஊர்ப் பிழை. தியேட்டர் 20 டிகிரியில் குளிர்ந்திருக்கும். சென்னைக் காற்றின் பனிநிலையோ (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) வருடத்தின் பெரும்பகுதியில் அதற்கு மேல்தான் இருக்கும். குளிர்ந்த முனையை வராந்தாவுக்குக் கொண்டுவந்த மறுநொடி கண்ணாடி வியர்த்துவிடும். இணைப்பிக்குள்ளும் வியர்க்கும், அங்கே துடைக்கவும் முடியாது. முனையையும் இணைப்பியையும் மூடியோடு பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். புதிய அறையின் வெப்பநிலைக்கு வந்தபிறகு பெட்டியைத் திறங்கள். இராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஏசி பழுதான வாரத்தில் மின் இணைப்பிகளில் பச்சை பூக்கத் தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாதாமாதம் மாற்றுங்கள்.

படத்தில் நகராத புள்ளி, நகராத கோடு

எளிய விதி ஒன்று. திசு நகரும்போது கூடவே நகர்வது திசுவைச் சேர்ந்தது. திரையில் அதே இடத்தில் அசையாமல் நிற்பது கருவியைச் சேர்ந்தது. முனையைச் சற்றே நகர்த்திப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

அசையாத மங்கல் திட்டு என்றால் முனையில் காய்ந்த இரத்தமோ கொழுப்போ ஒட்டியிருக்கிறது. லென்ஸ் தாளும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் போதும். அசையாத சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளிகள் என்றால் அறுந்த இழைகள். ஒன்றிரண்டை மென்பொருள் பக்கத்து இழைகளை வைத்து நிரப்பிக்கொள்ளும். வாரத்துக்கு வாரம் கூடினால் யாரோ கற்றையை இறுக்கமாக வளைத்துச் சுருட்டுகிறார்கள். அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள், இழையை மாற்றுவதைவிட அது மலிவு. படம் முழுவதும் நுண்ணிய அறுகோண வலை தெரிந்தால் பழுது இல்லை. ஒவ்வொரு இழையின் ஒளிர்வையும் சமன்செய்யும் அளவீடு பழையதாகிவிட்டது. இருட்டுப் பின்னணி, சீரான சாயக் கரைசல் இரண்டிலும் மறுபடி அளவிடுங்கள்.

படத்தின் நடுவே கறுப்புத் தீவுகள்

இந்தக் குறிப்பை எழுத வைத்த அறிகுறி இதுதான்.

ஒட்டிச் சேர்த்த பெரிய படத்தில் அங்கங்கே கறுப்பு. பார்ப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மற்ற இடமெல்லாம் நல்ல திசு, ஆகவே விளிம்பு சுத்தம் என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது. கறுப்பு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. அங்கே பார்க்கவில்லை என்று பொருள். எங்கள் மேசையில் கறுப்பு இடங்களை மென்பொருளே சாய்கோடிட்டு நிரப்பும்படி மாற்றிவிட்டோம். கறுப்பாக விட்டால் பின்னணிபோல் தெரிகிறது, கோடு போட்டால் காலியிடம் என்று உறைக்கிறது. சதுர சென்டிமீட்டரில் எத்தனை விழுக்காடு பார்க்கப்பட்டது என்ற எண்ணும் படத்தின் மூலையில் வரும். உங்கள் மென்பொருளில் இந்த வசதி இல்லையென்றால் எழுதிச் சேருங்கள். பத்து வரி நிரல்கூடத் தேவைப்படாது.

கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் தொடுகை போனதுதான். வெட்டிய திசு தட்டையாக இருக்காது, மேடு பள்ளமாக இருக்கும். முனை பள்ளத்தின் மேலே காற்றில் போகும்போது 60 மைக்ரான் ஆழமே பார்க்கும் ஒளிக்கு எதுவும் எட்டாது. விசை உணரி உள்ள கருவிகளில் முனை தானாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் உணரியின் சுழி நகர்ந்துவிட்டிருந்தால், தொடாமலேயே "தொட்டுவிட்டேன்" என்று சொல்லும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் முனையைக் காற்றில் நிறுத்தி விசை அளவைச் சுழியாக்குங்கள். கேபிளின் எடை உணரிமேல் தொங்கினாலும் அளவு மாறும், கேபிளைத் தனிக் கொக்கியில் மாட்டுங்கள்.

முனை சாய்ந்திருந்தால் சட்டகத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும், பிறைபோல. அப்போது விசையைக் கூட்டாதீர்கள், சாய்வைத் திருத்துங்கள். திசுவைத் தட்டில் வைக்கும்போதே ஸ்கேன் செய்யும் முகம் மட்டமாக இருக்கும்படி அடியில் ஈரக் காஸ் துணி மடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரத்தமும் கறுப்பைத் தரும். ஹீமோகுளோபின் நீல ஒளியை விழுங்கிவிடும். இரத்தத் திட்டின்மேல் போகும்போது விசை உணரி சரியாகத் தொட்டதாகச் சொல்லும், படமோ இருண்டிருக்கும். விசை இருக்கிறது, படம் இல்லை என்றால் சலைனில் அலசுங்கள். விசையும் இல்லை, படமும் இல்லை என்றால் முனையை இறக்குங்கள்.

ஒட்டுப்படம் அறுகிறது, அல்லது வளையங்களுக்கு இடையே இடைவெளி

சுருள் பாதையில் போகும் முனையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையம். முதலில் வேகக் கணக்கு. சட்டகம் 240 மைக்ரான், நொடிக்கு 12. நொடிக்கு 2.88 மில்லிமீட்டர் வேகத்தில் போனால் அடுத்தடுத்த சட்டகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டுமே நிற்கும், மேற்கவிதல் இருக்காது. மேற்கவியாத படங்களை எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. நாங்கள் நொடிக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை: சட்டகத்துக்கு 83 மைக்ரான் நகர்வு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேற்கவிதல். இந்த வேகத்திலும் ஒரு சட்டகம் வரிவரியாகப் பதிவாகி முடிவதற்குள் முனை நகர்ந்துவிடுவதால் படம் சற்றுச் சாய்வாகத்தான் வரும். ஒட்டும் முன் அந்தச் சாய்வைத் திருத்தும் கட்டளை இயங்குகிறதா என்று பாருங்கள். ஹாம்லின் மையத்தார் நொடிக்கு 120 சட்டகம் வரை எடுக்கும் கோட்டு ஸ்கேன் கருவியை உருவாக்கியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வேகம் சரி, ஆனாலும் இடைவெளி விழுகிறதா? தாள் சில்லை மறுபடி எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய தாளிலும் இடைவெளி விழுந்தால் இயந்திரக் குறை: தளர்ந்த கப்ளிங், பற்சக்கர விளையாட்டு (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு), படி தவறிய ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் வகை). தாளில் சுருள் பாதை அழகாக வந்து திசுவில் மட்டும் கெட்டால் திசு முனையோடு சேர்ந்து இழுபடுகிறது.

இந்த இழுபடலைப் புரிந்துகொள்ளாமல் கருவியைத் திருத்த முடியாது. பாயில் விரித்த வேட்டியை ஒரு விரலால் அழுத்தி நகர்த்திப் பாருங்கள். முதலில் துணி விரலோடு வரும், இறுக்கம் ஏறியபிறகே விரல் வழுக்கும். கொழுப்புத் திசுவும் அப்படித்தான். ரோபோ 150 மைக்ரான் நகர்ந்ததாகப் பதிவு செய்யும், திசுமேல் முனை ஒரு மைக்ரான்கூட நகர்ந்திருக்காது. இடமும் வலமுமாக உழும் பாதையில் இது இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய இழுவை தளர்ந்து, எதிர்த் திசையில் புதிய இழுவை ஏற வேண்டும். 150 மைக்ரான் இழுபடும் திசுவில் ஒரு திருப்பத்துக்கு 300 மைக்ரான் பாழ், அதாவது ஒரு சட்டகத்துக்கும் மேல்.

திசை மெல்ல மெல்ல மாறும் சுருள் பாதையை இதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். சுருளிலும் நடுவில் உள்ள முதல் சில வளையங்கள், இழுபடும் தொலைவைவிடச் சிறியவை என்பதால், முனை சுற்றும், படம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தச் சட்டகங்களைத் தூக்கிப்போடுங்கள். வளையங்களுக்கு இடையே 180 மைக்ரான் வைத்தால் 60 மைக்ரான் மேற்கவிகிறது என்று தாளில் எழுதிக் கணக்குச் சரி என்பார்கள். திசுவின் ஒரு பகுதி கொழுப்பாகவும் மறுபகுதி நாராகவும் இருந்தால் இழுபடும் அளவு வளையத்துக்கு வளையம் மாறும், 60 மைக்ரான் மேற்கவிதல் ஒரு மேட்டிலேயே காணாமல் போய்விடும். இடைவெளியை 120 ஆகக் குறையுங்கள். நேரம் ஒன்றரை மடங்காகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடியவை இன்னும் உண்டு. திசுவை ஈரமாக வையுங்கள். காய்ந்த பரப்பில் உராய்வு கூடும். விசையைத் தொடுகை நிலைக்கும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்குங்கள். விசையைக் கூட்டினால் தீவுகள் மறையும், ஆனால் இழுபடல் கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம் இருக்கிறது, அதை ஒவ்வொரு வகைத் திசுவுக்கும் தேடிக் குறித்துவைப்பதுதான் இந்தத் தொழிலில் கைப்பழக்கம் என்பது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு: ரோபோ சொல்லும் இடத்தை நம்பாமல், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு உண்மையான நகர்வைக் கணித்து, அதை வைத்தே ரோபோவைத் திருத்தும் பின்னூட்டம்தான் நிரந்தரத் தீர்வு.

பழகுவதற்கு ஆட்டு மடியைவிட நல்ல பொருள் கிடைக்காது. கொழுப்பும் சுரப்பியும் நாரும் கலந்தது. புளியந்தோப்பு இறைச்சிக் கூடத்துப் பக்கம் அதிகாலையில் போனால் கிடைக்கும். எதற்கு என்று கேட்பார்கள்; சமைக்க என்று சொல்லிவிடுவது சுருக்கமான வழி.

மோட்டார் குறையா என்று உறுதிசெய்ய ஒரு சோதனை: தாளில் ஒரு நாரின் முனையைத் திரையின் நடுவில் நிறுத்துங்கள். 10 மில்லிமீட்டர் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். நார் நடுவுக்கே வந்தால் நலம். எப்போதும் ஒரே அளவு தள்ளி வந்தால் பற்சக்கர விளையாட்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு என்றால் படி தவறுகிறது. அப்போது மின்சாரத்தைப் பாருங்கள். கோடையில் மாலை நேரத்தில் மட்டும் இந்தக் கோளாறு வந்தால் லோ வோல்டேஜ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆன்லைன் வகை யுபிஎஸ் வையுங்கள், எர்த்தை அளந்து பாருங்கள்.

படத்தில் சீரான அலை

ரோபோவை நிறுத்தி, முனையைத் திசுமேல் சும்மா வைத்துப் பாருங்கள். அலை நின்றுவிட்டால் அது கருவியின் சொந்த மோட்டார் அதிர்வு. தொடர்ந்தால் வெளியிலிருந்து வருகிறது. மேசை தொட்டு நிற்கும் சுவரில் ஏசி அலகு இருக்கலாம், உறிஞ்சு இயந்திரம் அதே தள்ளுவண்டியில் இருக்கலாம். துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளும், வியாசர்பாடி ஜீவா நிலையம் பக்கம் ரயிலும் வந்து போகும் அதிர்வு விட்டுவிட்டு வரும். மேசைக் கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர் போட்டாலே பெருமளவு அடங்கும்.

கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் சிறு ரோபோ என்றால், நொடிக்கு 8 முதல் 12 முறை வரும் அலை உங்கள் கையின் இயல்பான நடுக்கம். மணிக்கட்டை எதிலாவது ஊன்றுங்கள். நோயாளியின் உடலிலேயே, வெட்டிய குழிக்குள் ஸ்கேன் செய்யும்போது நாலைந்து நொடிக்கு ஒருமுறை படம் மெதுவாக ஏறி இறங்கினால் அது மூச்சு, பிழை அல்ல.

திரை முழுவதும் கறுப்பு உருண்டைகள்

"தம்பி, ஸ்கேனர் கெட்டுவிட்டதா? வெறும் குமிழியாக இருக்கிறதே" என்று தியேட்டர் சிஸ்டர் கேட்பார். "இல்லை சிஸ்டர், கொழுப்பு" என்று சொல்ல வேண்டியிருக்கும். கொழுப்பணுக்கள் சாயம் ஏறாத கறுப்பு வட்டங்களாக, ஒன்றையொன்று நெருக்கி, ஓரம் சற்றே கோணலாகத் தெரியும். அங்கங்கே ஒளிரும் அணுக்கரு ஒன்று ஓரத்தில் ஒட்டியிருக்கும். இது நல்ல படம்.

உண்மையான காற்றுக் குமிழி அச்சில் வார்த்ததுபோல் வட்டமாக, அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். முனையோடு வழுக்கி நகரும். முனையைத் தூக்கி ஒரு சொட்டுச் சலைன் விட்டு மறுபடி வையுங்கள்.

நார்த் திசு ஒளிரும் இழைகளாகத் தெரியும், இயல்பான பால் நாளம் அணுக்கருக்கள் ஒழுங்காகச் சுற்றி நின்ற வளையமாகத் தெரியும். புற்றுநோயில் அந்த ஒழுங்கு கலைந்து, அணுக்கருக்கள் நெருக்கமாக, கண்டபடி குவிந்திருக்கும். இதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் நோயியல் மருத்துவர். நாம் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு விஷயம் தவிர: டயதெர்மியால் (மின்சாரச் சூட்டுக் கருவியால்) சுட்ட விளிம்பில் அணுக்கள் சுருங்கி நீண்டு, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். எந்தப் பக்கம் சுடப்பட்டது என்று கண்ணால் பார்த்துக் குறித்து அவரிடம் சொல்வது நம் வேலை.

நின்ற இடத்தில் படம் மெல்ல மங்குகிறது

ஒரே இடத்தில் லேசர் நின்றால் சாயம் வெளுக்கும். பக்கத்து இடத்துக்கு நகர்ந்தால் மறுபடி பளிச்சென்று இருந்தால் அதுதான். தேவையில்லாதபோது ஷட்டரை மூடுங்கள். எல்லா இடமும் சேர்ந்து மங்கினால் திசு காய்கிறது.

ஸ்கேன் முடியவே இல்லை

பிழை இல்லை, திட்டம் தவறு. 1 சதுர சென்டிமீட்டர் பரப்பை 200 மைக்ரான் இடைவெளியில் உழுதால் 50 கோடுகள், மொத்தம் 500 மில்லிமீட்டர் பாதை. நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல். பக்கம் 5 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம்போல் ஒரு திசு என்று வைத்தால் ஆறு முகங்களும் சேர்ந்து 150 சதுர சென்டிமீட்டர். இருபது மணி நேரத்தையும் தாண்டும். பத்து மடங்கு வேகமான கருவியிலும் இரண்டு மணி நேரம். எந்த விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் கைகாட்ட வேண்டும், அதில் எந்தச் சதுரம் என்று நோயியல் மருத்துவர் சொல்ல வேண்டும். "முழுவதும் பார்த்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

ஸ்கேனில் சுத்தம், பாரஃபின் அறிக்கையில் வேறு

முதல் சந்தேகம் கறுப்புத் தீவுகள். அது இல்லையென்றால் ஆழம். ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு, விளிம்பை அடையாளம் காண மை பூசிய பரப்பில் கட்டி படவில்லை என்றால் போதும் என்பது 2014இல் அமெரிக்க அறுவை மற்றும் கதிரியக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல். மேற்பரப்பைப் பார்க்கும் ஸ்கேனர் அந்தக் கேள்விக்குப் பொருந்தும். நாளத்துக்குள்ளேயே அடங்கிய டிசிஐஎஸ் வகைக்கு 2016இல் சொன்னது 2 மில்லிமீட்டர் இடைவெளி. 60 மைக்ரான் ஆழம் பார்க்கும் கருவியால் 2 மில்லிமீட்டருக்கு உத்தரவாதம் தர முடியாது. முப்பதில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறோம். அங்கே அறிக்கைகள் வேறுபட்டால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

படம் சரி, இடம் தவறு

எல்லாவற்றிலும் ஆபத்தானது, திரையில் எந்த அறிகுறியும் இல்லாதது. விளிம்பில் நோய் தெரிகிறது, ஆனால் அது எந்த விளிம்பு? திசு தட்டில் புரண்டுவிட்டால் மேல் பக்கம் என்று நினைத்தது பக்கவாட்டாக இருக்கும், மருத்துவர் நல்ல இடத்தை மறுபடி வெட்டுவார். தையல் அடையாளம் போட்டே திசு வர வேண்டும். குட்டையான தையல் மேல்புறம், நீளமானது வெளிப்புறம் என்பது பரவலான வழக்கம். உங்கள் அரங்கில் வேறு வழக்கம் இருந்தால் அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தட்டில் வைத்ததும் தையல் தெரியும்படி செல்பேசியில் அல்லாமல் கருவியின் கேமராவிலேயே ஒரு படம் எடுங்கள், அது ஸ்கேனோடு சேர்ந்து பதிவாகும். விளிம்பில் பூசும் வண்ண மைகள் ஒளியை மறைக்கும், சில தாமே ஒளிரவும் செய்யும். அதனால் முதலில் ஸ்கேன், பிறகு மை. திசுவைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் புரட்டுங்கள், எதிரே நிற்பவர் திருப்பிச் சொல்லட்டும்.

எப்போது நிறுத்துவது

தாள் சில்லு தெளிவாக இருந்து, அலசி, சாய்வைத் திருத்தி, விசையைச் சுழியாக்கி, அப்படியும் பரப்பில் பாதிகூடப் படமாகவில்லை என்றால் ஸ்கேனை நிறுத்திவிட்டு அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் பிழைத் திருத்தத்தால் பயனில்லை. திசுவைச் சலைனில் அலசி, தையல் அடையாளம் கலையாமல், வழக்கமான நோயியல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூடவே போகும் சீட்டில் சாயத்தின் பெயர், தொட்ட விளிம்புகள், பார்க்கப்பட்ட விழுக்காடு மூன்றையும் எழுதுங்கள். "சுத்தம்" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள், அந்தக் கட்டம் நோயியல் மருத்துவருக்கு உரியது.